ஞாபகம் தப்பியவர்களும் நமது "குடும்ப கௌரவ"மும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் பகல் பதினொரு மணி சுமாருக்கு, சந்தா வசூல் விஷயமாகப் பொங்கலூருக்குக் கிழக்கே ஒரு சிறு கிராமத்திற்குப் போயிருந்தோம். நாம் தேடிப் போன வீட்டின் கதவு வெளிப்புறமாகப் பூட்டியிருந்தது. சரி, ஆள் இல்லை போலும் என்று திரும்புகின்ற சமயத்தில் ஜன்னலிலிருந்து, "ஆருங்க அது? கதவத் தொறந்து உடுங்க சாமி, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று ஒரு குரல் கேட்டது. எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் மாடு கிடையாது. மாட்டை விற்றுப் பதினைந்து வருஷமாகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

விசாரித்ததில் தெரிந்ததாவது: மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்குப் போய்விடுகின்றார்கள். மகன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங். மருமகள் அதே கம்பெனியில் செக்கிங். ஒன்றரை ஷிப்டு ஓடுகின்ற நாட்களில் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போகின்றாள். பகலெல்லாம் அந்த அம்மாளுக்குப் பூட்டுத்தான் துணை. மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுகின்றார். முன்பு பூட்டாமல்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வாய்க்கால் கரையில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். மற்றொரு நாள் திருச்சி ரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றிருந்தார். அதற்குப் பிறகுதான் பூட்டு வந்தது.

மகனைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் குடிகாரரல்ல; தாயிடத்தில் அன்பில்லாதவருமல்ல. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்துப் பேசினபோது, "வேற எங்காச்சும் ஹோமுல கொண்டுபோய் உட்டா ஊரு காறித் துப்புமுங்க" என்றார்.

அந்த "ஊரை"ப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கின்றது. மூன்று வருஷத்திற்கு முன் அந்த அம்மாளின் புருஷர் இறந்துபோன சமயத்தில், தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக் கருமாதி நடத்தினார்கள். ஐந்நூறு பேருக்கு இலை விழுந்தது. புரோகிதருக்கு வேஷ்டியும் தட்சிணையும் கிடைத்தன. செலவில் பெரும்பகுதி வட்டிக்கு வாங்கின பணம். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை; அதைத் தீர்க்கத்தான் மருமகளும் ஒன்றரை ஷிப்டு பார்க்கின்றார். செத்தவரைப் பார்க்க ஒரே நாளில் ஐந்நூறு பேர் வந்தார்கள். உயிரோடிருக்கின்றவரைப் பார்க்க இந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டோம். மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

நாமும் இந்த விஷயத்தில் யோக்கியர் என்று சொல்லிக்கொள்வதற்கில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்திற்கு முன், முதியோர் இல்லம் என்பது பணக்காரப் பிள்ளைகளின் ஈரமற்ற நெஞ்சுக்கு அடையாளம் என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்கியதுண்டு. கைதட்டினவர்களில் எத்தனை பேர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்களோ, அப்பொழுது நாம் யோசிக்கவில்லை.

"பெற்றோரை இல்லத்தில் விடுவது வெள்ளைக்காரன் வழக்கம்; நம்முடைய கலாசாரத்தில் தாய் தகப்பன் தெய்வம்" என்கிறார்கள். இருக்கட்டும். நரைத்துப்போனவன் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகவேண்டும் என்று வானப்பிரஸ்தம் எழுதி வைத்தது எந்தக் கலாசாரம்? விதவைகளைப் பிருந்தாவனத்தில் கொண்டுபோய் விட்டு, பஜனை பாடிப் பிடிச் சோறு வாங்கச் செய்தது எந்தக் கலாசாரம்? காசியில் முக்தி பவனம் என்று 1958 முதல் ஒரு விடுதி இருக்கின்றது. சாகப்போகின்றவர்கள் அங்கே வந்து தங்கலாம். இரண்டு வாரம் தவணை. அதற்குள் சாகாவிட்டால் இடத்தை ஒழித்துக் கொடுக்கவேண்டியதுதான். சாவதற்கு விடுதி கட்டினால் அது புண்ணியமாம். வாழ்வதற்கு விடுதி கட்டினால் மாத்திரம் அது அவமானமாம்!

தூரத்துச் சங்கதி எதற்கு? விருதுநகர் பக்கத்தில் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் இருப்பதாக 2010-ஆம் வருஷத்தில் பத்திரிகைகளில் வெளிவந்து சந்தி சிரித்தது. படுத்த படுக்கையான கிழவருக்கோ கிழவிக்கோ விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரை இளநீராகக் கொடுத்து, ஜன்னி கண்டு சாக விடுவதற்குத்தான் அப்படிப் பெயர். சுற்றத்தார் கூடி நின்றுதான் அதைச் செய்தார்கள். குடும்பத்தை விட்டுப் பிரிக்காமலேயே, குடும்பத்தார் கையாலேயே முடித்துவிடுகின்றார்கள். கலாசாரத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த உபாயம் வேறென்ன வேண்டும்?

நிற்க. இந்த ஞாபகம் தப்புதல் என்பது என்ன? நம் பக்கத்தில் "நெனப்புத் தப்பிப் போச்சு" என்பார்கள். இலங்கைத் தமிழர் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். டாக்டர்கள் டிமென்ஷியா என்கின்றார்கள். வயசானால் எல்லோருக்கும் வருவது என்று நம்மவர் நினைக்கின்றார்கள். அது தப்பு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. சாவி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது நோய். ஜெர்மனியில் ஆலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர், 1901-இல் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட 51 வயதுப் பெண்மணி ஒருவரைக் கவனித்து வந்தார். அந்தப் பெண்மணிக்குத் தம் பெயரையே எழுத முடியவில்லை. 1906-இல் அவர் இறந்தபின் மூளையை எடுத்து மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, மூளை சுருங்கியிருந்ததும், நரம்பணுக்களுக்கு உள்ளே முடிச்சும் வெளியே படிவமும் இருந்ததும் தெரிந்தன. இந்த நோயில் பெரும்பகுதி இன்றைக்கு அவர் பெயரால் வழங்குகின்றது. அடுத்தபடியானது மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு வருவது; இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இது அதிகம். இதில் தலையெழுத்துக்கோ, பூர்வஜென்ம பாவத்திற்கோ, எவளோ வைத்த மருந்துக்கோ எங்கே இடம் இருக்கிறது? சாணைக்கல்லில் தேய்ந்த கத்தியைப் போல ஓர் உறுப்பு கெட்டுப்போயிருக்கின்றது, அவ்வளவுதான்.

ஞாபகம் தப்புகிறதெல்லாம் தீராத நோயும் அல்ல. நமக்குத் தெரிந்த பழைய கைத்தறிக்காரர் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து ஆறு வாரம் கழித்து ஆளே மாறிப்போனார். பகலை இரவென்றார், சம்சாரத்தைத் தங்கை என்றார். பேய் அறைந்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். கறுப்புக் கயிறு, வெள்ளிக் காசு, எலுமிச்சம் பழம் என்று இரண்டு மாதம் போயிற்று. வைத்தியம் பார்க்கப் போன இடத்திலும், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், விழுந்த அடியில் மண்டைக்குள் இரத்தம் கட்டி நின்று மூளையை அமுக்கிக்கொண்டிருந்தது. துளையிட்டு அதை எடுத்தார்கள். மனிதர் இன்றைக்குச் சந்தைக்குத் தனியாகப் போய்வருகின்றார். தைராய்டு சுரப்புக் குறைந்தாலும், பி12 என்ற வைட்டமின் குறைந்தாலும், மனச்சோர்வு முற்றினாலும் இதே மாதிரி தோன்றும். மூத்திரப் பாதையில் கிருமி சேர்ந்தாலே கிழவர்களுக்கு ஒரே நாளில் புத்தி தடுமாறும். இவையெல்லாம் தீர்க்கக்கூடியவை. கயிறு கட்டின இரண்டு மாதம் தாமதத்தில் அவர் செத்திருந்தால், "விதி முடிந்தது" என்று சொல்லியிருப்பார்கள். கயிறு கட்டினவனும் கருமாதிச் சோற்றுக்கு வந்திருப்பான்.

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கிறதென்று 2023-இல் வெளியான ஆராய்ச்சிக் கணக்குச் சொல்லுகின்றது. உலகத்தில் ஐந்தரைக் கோடிக்கு மேல். நமது நாட்டுக் கணக்கில் இன்னொரு சங்கதியும் இருக்கின்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், பட்டணத்தாரைவிடக் கிராமத்தாருக்கும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கும் இது அதிகமாக இருக்கின்றதாம்.

வாசகர்கள் இந்த இடத்தில் சிறிது நின்று யோசிக்க வேண்டுகின்றோம். நோய்க்குப் பெண் என்றும் கிராமத்தான் என்றும் எப்படித் தெரியும்? பெண்கள் அதிக வயது வரை இருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், உலகத்து நிபுணர்கள் கூடி 2024-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கின்றது. தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய காரணங்கள் 14 என்றும், அவையனைத்தையும் நீக்கிவிட்டால் இந்த நோயில் 100-க்கு 45 பங்கு வராமலோ தள்ளியோ போகக்கூடும் என்றும் அதில் கணக்கிட்டிருக்கின்றார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, சாராயம், தலையில் அடி, தனிமை, கெட்ட காற்று இவற்றோடு அதில் சேர்ந்திருப்பது, இளம் வயதில் படிப்பில்லாமை. எழுத்தும் கணக்கும் பழகின மூளைக்கு ஒரு சேமிப்பு உண்டு. கொஞ்சம் கெட்டாலும் மிச்சத்தைக்கொண்டு சமாளிக்கும். அந்தச் சேமிப்பு இல்லாத மூளை முதல் அடியிலேயே விழுந்துவிடுகின்றது.

இன்றைக்கு எழுபத்தைந்து வயதான நமது தாய்மார்களைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் தடுத்தது எது? "பொட்டப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்டது யார்? சூத்திரனும் பஞ்சமனும் பெண்ணும் படிக்கலாகாது என்ற சாஸ்திரத்தின் வாடை அடிக்காத திண்ணை ஒன்றாவது அந்தக் காலத்துக் கிராமத்தில் இருந்ததா? ஏழு வயதில் கையிலிருந்து பறித்த சிலேட்டுக்கு எழுபது வயதில் வட்டி கட்டுகின்றார்கள். அந்த வட்டிக்குத்தான் தலைவிதி என்று பெயர் வைத்திருக்கின்றோம்.

அந்த 14-இல் காது கேளாமையும் ஒன்று. பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. விசைத்தறிக் குடோனில் முப்பது வருஷம் நின்றவருக்குக் காது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். காது மந்தமானவரிடத்தில் யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. பேச்சுக் கேளாத மூளை வேலையற்றுத் துருப்பிடிக்கின்றது. தறிக்காரருக்குக் காதில் வைக்கும் அடைப்பானுக்கு ஆகும் செலவு ஒரு பாவு நூலின் மூட்டைச் சாக்குக்கூடப் பெறாது. முதலாளிமார் ஆயுத பூஜைக்குத் தறிக்குச் சந்தனம் பூசுகின்றார்கள். தறி ஓட்டுகின்றவன் காதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இப்பொழுது மருமகள் விஷயத்திற்கு வருவோம். "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும்போது, குடும்பம் என்றால் யார்? மகனா? மேடையில் தாய்ப்பாசம் பேசுகின்றவர்களில் எத்தனை பேர் தாயின் மலத்துணியை அலசியிருக்கின்றார்கள்? அலசுகின்றவள் வேறொரு வீட்டில் பிறந்து வந்த பெண். அவள் சொந்தத் தாய்க்கு இதே நோய் வந்தால் போய்ப் பார்க்கவும் அவளுக்கு லீவு கிடையாது. இந்த நோயாளிக்கு இரவில் தூக்கம் வராது. பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும். சாப்பிட்டு முடித்த கையோடு, சோறே போடவில்லை என்று தெருவில் போய்ச் சொல்லுவார். நகையைத் திருடிவிட்டாள் என்பார். நோய் பேசுகின்றது என்று தெரியாத தெருவார் அதை நம்பி மருமகளைத் தூற்றுவார்கள். நாள் முழுவதும் செக்கிங் டேபிளில் நின்றுவிட்டு வந்து, இரவு மூன்று தடவை எழுந்து, மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி வேனில் ஏறுகின்ற பெண்ணை நாம் மனுஷியாகவே கணக்கில் சேர்க்கவில்லை. இதற்குத்தான் குடும்பப் பாசம் என்று பெயர். பாசம் ஆண்களுடையது, பாசத்தின் வேலை பெண்களுடையது.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மிஷினுக்கு முன்னால் உட்காருகின்ற பெண்ணுக்கு வீட்டில் ஒரு குழந்தை இருக்கும் என்ற மட்டுக்கும் அன்றைக்கே சட்டத்திற்குப் புரிந்திருக்கின்றது. அவளுக்கு ஒரு மாமியாரும் இருப்பார், அந்த மாமியாருக்குக் குழந்தையைவிட அதிகக் காவல் வேண்டியிருக்கும் என்பது இத்தனை வருஷமாகியும் ஏன் புரியவில்லை என்று கேட்கின்றோம்.

ஆகவே, ஞாபகம் தப்பியவர்கள் தங்கி வாழ்வதற்கென்றே இல்லங்கள் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் இல்லம் என்று போர்டு போட்டதெல்லாம் இல்லமல்ல. வீட்டுப் பூட்டை எடுத்துப்போய் வேறொரு கட்டடத்தில் மாட்டுவதில் யாருக்கு என்ன லாபம்? இதற்கு இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியை நாம் மறக்கலாகாது. தர்காவில் தங்கினால் புத்தி தெளியும் என்று நம்பி, மனநோயாளிகளைக் கொண்டுவந்து, பக்கத்தில் நடத்தப்பட்ட கொட்டகைகளில் விட்டுப் போனார்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அப்படியொரு ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். தெய்வம் கைவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். இல்லாத ஒன்று எப்படிக் கைவிடும்? கைவிட்டது மனிதர். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் பூட்டக்கூடாது என்று சொல்லுகின்றது. நினைவு கெடுவதும் அந்தச் சட்டத்தின் அர்த்தத்திற்குள் வருகின்றது. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் கோயிலில் 48 நாள் மண்டலம் இருந்தால் புத்தி சரியாகும் என்று இன்றைக்கும் கூட்டிப்போகின்றவர்கள் உண்டு. 48 நாளில் மூளையில் செத்த அணு முளைக்குமானால், மொட்டையடித்த தலையில் மயிர் முளைப்பதற்கு மட்டும் ஏன் மூன்று மாதம் ஆகின்றதென்று அவர்கள் சொல்லட்டும்.

நல்ல இல்லம் என்பது எப்படியிருக்கும்? ஹாலந்து தேசத்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009 முதல் ஹோகவேக் என்ற ஒரு குடியிருப்பு நடக்கின்றது. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகக் கட்டில் போடாமல், 23 வீடுகளாகக் கட்டி, வீட்டுக்கு ஆறேழு பேர் வீதம் குடிவைத்து ஆரம்பித்தார்கள். தெரு உண்டு, கடை உண்டு, சாப்பாட்டுக் கடையும் நாடகக் கொட்டகையும் உண்டு. வெளி வாசல் ஒன்றில் மாத்திரம் காவல். உள்ளே எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். கடைக்காரரும் பணியாளரும் எல்லோரும் இந்த நோயை அறிந்தவர்கள். நடப்பதெல்லாம் பெரும்பாலும் பொதுப் பணத்தில்.

அது பணக்கார தேசம் என்பீர்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே டாக்டர் ஜேக்கப் ராய் குரியாக்கோஸ் என்பவர் 1992-இல் இந்த நோயாளிகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். அது நாடெங்கும் கிளை விட்டது. கேரள சர்க்கார் 2014-இல் அந்தச் சங்கத்தோடு சேர்ந்து, குன்னங்குளத்தில் பகல் இல்லமும் எர்ணாகுளம் ஜில்லா எடவனக்காட்டில் தங்கும் இல்லமும் ஏற்படுத்திற்று. நம் ராஜ்யத்தில் சென்னை கிண்டியில் 2024-இல் 200 படுக்கையுள்ள முதியோர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். சந்தோஷம். ஆனால் பொங்கலூரிலிருந்து அது நானூறு கிலோமீட்டருக்கு மேல். கோயமுத்தூரைச் சுற்றி முதியோருக்கென்று அழகான குடியிருப்புகள் வேண்டியமட்டும் முளைத்திருக்கின்றன. அவை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களுக்கு. செக்கிங் டேபிளில் நிற்கின்றவர் அந்தக் காம்பவுண்டுச் சுவரைத்தான் பார்க்கலாம்.

2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 பேருக்குக் குறையாமல் ஏழை முதியோர் இல்லம் ஏற்படுத்தலாம் என்று சொல்லுகின்றது. "வேண்டும்" என்று சொல்லாமல் "லாம்" போட்டார்கள். அதே சட்டம், பெற்றோரை நிர்க்கதியாக விட்டுப் போனவனுக்கு மூன்று மாதம் வரை ஜெயில் என்று மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லுகின்றது. மகனைத் தண்டிக்கச் சட்டத்திற்குத் தெரிகின்றது. மகனுக்கு உதவி செய்யும் இடத்தில்தான் நாக்குக் குழறுகின்றது. இருக்கின்ற இல்லங்களிலும் பலவற்றில், "தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர்" என்பது நிபந்தனை. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவருக்கு இல்லம் எதற்கு?

நமக்கு வேண்டியது ஹாலந்து அல்ல. பொங்கலூரில் பொங்கலூர் மாதிரி ஒரு வீடு போதும். ஓட்டு வீடாக இருக்கட்டும். திண்ணை, வாசல், வேப்பமரம் இருக்கட்டும். சுற்றிவந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் நடைபாதை இருந்தால், நடந்துகொண்டேயிருக்கவேண்டும் என்று தோன்றுகின்றவர் நடக்கலாம், தொலையமாட்டார். அறைக்கதவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வர்ணம். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி, கக்கூசுக் கதவில் படம். வழுக்காத தரை, வெளிச்சம், நாள்தோறும் அதே நேரத்தில் அதே காரியம். ஆளை மாற்றிக்கொண்டேயிருக்காமல், அதே முகம். பணிசெய்கின்றவர் கொங்குப் பேச்சு அறிந்தவராக இருக்கவேண்டும். தெற்கே தேனி, மதுரையிலிருந்து வந்து இங்கேயே கிழமானவர்களுக்கு அவர்கள் பேச்சு. "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்றால், "மாடே இல்லியே, வித்துப் பதினஞ்சு வருசம் ஆச்சே" என்று வாதம் செய்யக்கூடாது. வாதத்தில் ஜெயித்து என்ன பிரயோசனம்? "காட்டலாமுங்க ஆத்தா, உங்க மாடு என்ன நெறம்?" என்று கேட்டால் அரைமணி நேரம் முகம் மலர்ந்து பேசுவார். (பகுத்தறிவுக்காரர்கள் பொய் சொல்லச் சொல்லுகின்றார்களே என்று யாராவது கேட்கலாம். நிறத்தைக் கேட்பதில் பொய் என்ன இருக்கின்றது?) கைக்கு வேலை வேண்டும். இந்தப் பக்கத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை, தாள் அறுக்கலாம். பனியன் வேஸ்ட்டை நிறம் பிரித்து மடிக்கலாம். நாற்பது வருஷம் மடித்த கைக்கு, பெயர் மறந்தபின்னும் மடிப்பு மறப்பதில்லை. தூக்க மாத்திரையைக் கொடுத்து மூலையில் உட்காரவைப்பதற்கு இல்லம் வேண்டாம், சங்கிலியே போதும். ஆகையால் மாதம் ஒரு முறை முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்க, குடும்பத்தாரும் ஊராரும் டாக்டரும் அடங்கிய கமிட்டி இருக்கவேண்டும்.

எல்லோரையும் கொண்டுபோய்த் தங்கவைக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆரம்பத்திலிருப்பவர்களுக்குப் பகல் இல்லமே போதும். கம்பெனி வேனைப் போல ஒரு வேன் வந்து கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடலாம். 2021-இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே போய் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அதே மாதிரி வாசலுக்குப் போகின்றவர், "ஆத்தாளுக்கு நெனப்பு எப்படி?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனையோ பேரை முன்னதாகவே கண்டுபிடிக்கலாம்.

பணத்திற்கு எங்கே போவது என்பார்கள். திருப்பூரிலிருந்து வருஷத்திற்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை வெளிதேசத்திற்குப் போகின்றது. லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு பொதுக்காரியத்திற்குச் செலவிடவேண்டிய பெரிய கம்பெனிகள் அதை முதியோர் இல்லத்திற்கும் பகல் காப்பகத்திற்கும் கொடுக்கலாம் என்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கின்றது. பாக்கிக்குச் சர்க்கார் இருக்கின்றது. அதற்கும் மேலே, நாம் இருக்கின்றோம். ஒரு ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு வருஷத்தில் கருமாதிக்கும், திவசத்திற்கும், கும்பாபிஷேகத்திற்கும் செலவாகின்ற பணத்தை ஒரு நோட்டில் குறித்துப் பார்க்கும்படி நமது தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். கூட்டிப் பார்த்தபின் பணமில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இதையெல்லாம் அந்த மகனிடத்தில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். மருமகள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரை யாரோ விருந்தாளி என்று நினைத்து, "சாப்டீங்களா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். கடைசியில் மருமகள்தான் பேசினார்: "ஏனுங்க, நீங்க சொல்ற மாதிரி எடம் பக்கத்துல எங்கீங்க இருக்குது? இருந்தா, ஊரு என்ன வேணா சொல்லட்டும், நாளைக்கே கூட்டிட்டுப் போறோம். ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா அத்தை தலைய நானே வந்து வாரி உடுவேன்."

நாம் பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்தோம்.

அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடுகின்றது. பொங்கலூர் ஒன்றியத்தில் ஞாபகம் தப்பியவர்களுக்குப் பொதுச் செலவில் ஒரு பகல் இல்லமும் ஒரு தங்கும் இல்லமும் வேண்டும் என்ற தீர்மானத்தை அச்சிட்டு வைத்திருக்கின்றோம். தங்கள் ஊராட்சியில் கொண்டுவர விரும்புகின்ற தோழர்கள் நகல் கேட்டு எழுதலாம். கம்பெனி வேலைக்குப் போகின்ற பெண்கள் அன்றைய தினம் விடுமுறையாகையால், அவர்களையே பிரேரேபிக்கச் சொல்லுவது நல்லது.